பக்கத்தில் நின்று ஆட ஓர் ஆள்



இம்மாதப் பாடத்தை ஒரு விளையாட்டிலிருந்து எடுத்திருக்கிறோம். "அறக்கட்டளையின் மடலில் ஷட்டில் ஆட்டத்துக்கு என்ன வேலை?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தாம். ஏனென்றால் இந்தக் கட்டுரை எங்கள் தவறு ஒன்றிலிருந்து பிறந்தது. அதைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறோம்.

திரும்பி வராத படிவம்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, மஃரிபுக்குச் சற்று முன், எங்கள் அலுவலகத்துக்கு ஒரு சகோதரர் வந்தார். சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். பன்னிரண்டு வயது மகளைப் பற்றிப் பேச வந்திருந்தார். அந்தப் பிள்ளை பிறவியிலேயே உயரம் குறைந்தவள். மூன்றடிக்குச் சற்று மேல் இருப்பாள்.

அவர் பேசி முடிக்கும் முன்பே நாங்கள் மேசை இழுப்பறையைத் திறந்துவிட்டோம். "மாத உதவித்தொகைக்குத்தானே? இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள்" என்றோம். அவர் தயங்கினார். "அதுக்கு வரலை பாய். புள்ளைக்கு ஷட்டில் ஆடணும்னு ஆசை. நம்ம ஹாலுக்குப் பின்னாடி இடம் சும்மாதானே கிடக்கு? சாயங்காலம் அங்கே ஆடலாமான்னு கேக்கத்தான் வந்தேன். கூட நின்னு ஆட நாலு புள்ளைங்க கிடைச்சா போதும்" என்றார்.

"யோசித்துச் சொல்கிறோம்" என்றோம். கையோடு அந்தப் படிவத்தையும் கொடுத்து அனுப்பினோம். படிவம் திரும்பி வரவில்லை. நாங்களும் யோசிக்கவில்லை, அவருக்கு எதுவும் சொல்லவும் இல்லை.

அவர் பணம் கேட்டிருந்தால் அன்றே கிடைத்திருக்கும். அவர் கேட்டதோ மகளோடு சேர்ந்து ஆட ஆட்கள். அதை எழுத எங்கள் படிவத்தில் கட்டமே இல்லை.

நம் ஊரின் பெயர் பாரிஸில் ஒலித்தது

அந்தச் சகோதரரின் மகளுக்கு ஷட்டில் ஆசை எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால், நம் ஓசூரிலிருந்தே வந்தது என்று தெரிந்திருக்கும்.

நித்யஸ்ரீ சுமதி சிவன் 2005 ஜனவரி 7 அன்று பிறந்தவர், ஓசூர்ப் பெண். அவரும் உயரம் குறைந்தவரே. 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்த்து இறகுப்பந்தின் மீது ஈர்ப்புக் கொண்டார். மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனி இறகுப்பந்துப் போட்டிகள் உண்டு என்பதை அறிந்து, 2019 அளவில் அந்தக் களத்துக்குள் வந்தார். பிறகு லக்னோவில், இந்திய பாரா இறகுப்பந்து அணியின் பயிற்சியாளர் கௌரவ் கன்னாவிடம் பயிற்சி பெற்றார்.

2022ஆம் ஆண்டுக்குரிய ஆசிய பாரா விளையாட்டுப் போட்டிகள் தள்ளிவைக்கப்பட்டு, 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்தன. அங்கே நித்யஸ்ரீ 3 வெண்கலப் பதக்கங்கள் வென்றார். ஒன்று தனிநபர் ஆட்டத்தில். மற்ற இரண்டும் இரட்டையர் ஆட்டங்களில்: பெண்கள் இரட்டையரில் ரச்சனா பட்டேலோடும், கலப்பு இரட்டையரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த சிவராஜன் சோலைமலையோடும் ஆடி வென்றவை. மூன்று பதக்கங்களில் இரண்டு, பக்கத்தில் ஒருவர் நின்றதால் வந்தவை என்பதைக் கவனியுங்கள்.

2024 செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்கில் தனிநபர் வெண்கலம் வென்றபோது அவருக்கு வயது 19. அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு இறகுப்பந்தில் மட்டும் 5 பதக்கங்கள் கிடைத்தன. அவற்றில் மூன்று தமிழ்நாட்டுப் பெண்களுடையவை: துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், நித்யஸ்ரீ வெண்கலம். தமிழ்நாடு அரசு நித்யஸ்ரீக்கு 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது. 2025 ஜனவரி 17 அன்று மூவரும் அர்ஜுனா விருது பெற்றார்கள்.

பதக்கமும் விருதும் செய்தித்தாளில் வந்தவைதாம். ஆனால் அவர் என்ன விளையாடினார், அது எவ்வளவு கடினம், இரட்டையர் ஆட்டம் என்றால் என்ன என்பதை நம்மில் பலர் அறியோம். பாடம் அங்கேதான் இருக்கிறது.

தலைக்கு மேல் இருக்கும் வலை

பாரா இறகுப்பந்தில் வீரர்களை 6 பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். சக்கர நாற்காலியில் ஆடுபவர்களுக்கு 2 பிரிவுகள். நின்று ஆடுபவர்களில் காலில் பாதிப்பு உள்ளவர்களுக்கு 2, கையில் பாதிப்பு உள்ளவர்களுக்கு 1. ஆறாவது, உயரம் குறைந்தவர்களுக்கான எஸ்.எச்.6 பிரிவு. இந்தப் பிரிவில் ஆட, பெண்கள் 137 சென்டிமீட்டருக்கும் ஆண்கள் 145 சென்டிமீட்டருக்கும் மேல் உயரம் இருக்கக்கூடாது.

இப்போது வலையைப் பாருங்கள். இறகுப்பந்து வலையின் உயரம் நடுவில் 1.524 மீட்டர், அதாவது சரியாக 5 அடி. எஸ்.எச்.6 பிரிவுக்காக அதைத் தாழ்த்துவதில்லை. சிந்து ஆடும் அதே வலை, அதே களம். ஆகவே இந்தப் பிரிவில் ஆடும் ஒரு பெண்ணின் உச்சந்தலைக்கு மேலே அரை அடியாவது வலை உயர்ந்து நிற்கிறது. எதிராளியை அவர் பார்ப்பது வலைக்கண்களின் ஊடாகத்தான். நாம் மட்டையை உயர்த்தினால் பந்தை மேலிருந்து கீழே அடிக்க முடியும். அவருக்கு அதே அடிக்கு எம்பிக் குதிக்க வேண்டும், அல்லது வலையோரம் பந்தை நயமாகத் தட்டிவிடும் வித்தை கைவர வேண்டும்.

களத்தின் அளவும் சிறிதல்ல. தனிநபர் ஆட்டத்தில் ஒரு பக்கம் 5.18 மீட்டர் அகலம், 6.70 மீட்டர் நீளம். நாம் மூன்று எட்டில் கடக்கும் இடத்தை அவர் ஐந்தாறு எட்டில் கடக்க வேண்டும். பந்தோ நமக்கு வரும் அதே வேகத்தில்தான் வருகிறது.

"பாவம், உயரம் குறைவு" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். பரிதாபப்பட நேரமிருக்காது.

440 சதுர அடியில் இருவர்

இரட்டையர் ஆட்டத்தில் களம் இன்னும் அகலமாகிறது. பக்கவாட்டுக் கோடுகள் வெளியே தள்ளிப்போய் 6.10 மீட்டர் ஆகிவிடும். ஒரு பக்கத்தின் பரப்பு ஏறத்தாழ 41 சதுர மீட்டர்; நம் கணக்கில் 440 சதுர அடி. ஓசூரில் ஷிப்ட் தொழிலாளி ஒருவர் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கும் வீட்டின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தை இருவர் காக்க வேண்டும்.

எப்படிக் காக்கிறார்கள்? புள்ளி வாங்கப் பாயும்போது ஒருவர் முன்னே, மற்றவர் பின்னே நிற்பார்கள். பின்னால் நிற்பவர் ஓங்கி அடிப்பார். அந்த அடியை எதிரிகள் தட்டுத்தடுமாறித் திருப்பினால் முன்னால் நிற்பவர் வலையோரமே முடித்துவிடுவார். எதிரிகள் பாயும்போது இருவரும் இடமும் வலமுமாகப் பிரிந்து நின்று தடுப்பார்கள். ஒரே புள்ளிக்குள் இந்த இட மாற்றம் ஐந்தாறு முறை நடக்கும். "நீ போ, நான் வருகிறேன்" என்று பேசிக்கொள்ள நேரம் கிடையாது. ஒருவர் காலியாக விட்ட இடத்துக்கு மற்றவர் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். முதல் ஷிப்டுக்காரர் இயந்திரத்தை விட்டு எழும்போது அடுத்தவர் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினாலும் லைன் நின்றுபோகும். நின்றபின் யார் பிந்தினார் என்று பேசிப் பயனில்லை.

இரட்டையரில் இன்னொரு விஷயம் உண்டு. நடுவில் வரும் பந்து யாருடையது? இருவர் மட்டைக்கும் எட்டும் பந்து அது. புது ஜோடிகள் பெரும்பாலும் அங்கேதான் தோற்பார்கள்: "அவர் எடுப்பார்" என்று இவரும், "இவர் எடுப்பார்" என்று அவரும் நிற்க, பந்து இருவருக்கும் நடுவில் விழும். எங்கள் அலுவலகத்துக்கு வந்த அந்தத் தந்தையின் கோரிக்கையும் அப்படித்தான் விழுந்தது. பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று நாங்கள் எண்ணினோம். பள்ளி என்ன எண்ணியதோ!

இந்தோனேசியர்கள் எதில் தேர்ந்தவர்கள்

இரட்டையர் ஆட்டத்தை ஒரு கலையாகவே வளர்த்த நாடு இந்தோனேசியா. ஒலிம்பிக் இறகுப்பந்தில் 1992 முதல் 2021இல் நடந்த டோக்கியோ போட்டி வரை அந்நாடு 8 தங்கங்கள் வென்றது. அவற்றில் 5 இரட்டையர் ஆட்டங்களில் வந்தவை.

அங்கே முகமது அஹ்சான் என்றொரு வீரர். 1987இல் பிறந்தவர். 2012இன் இறுதியில் அவரை ஹெந்திரா செத்தியவானோடு ஜோடி சேர்த்தார்கள். ஹெந்திரா மூன்று வயது மூத்தவர். மார்க்கிஸ் கிடோவோடு ஆடி 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஏற்கெனவே தங்கம் வென்றவர். ஒருவர் முஸ்லிம், மற்றவர் கிறிஸ்தவர். அஹ்சானின் பலம் பின்களத்திலிருந்து இறங்கும் பேரடி. ஹெந்திராவின் பலம் வலையோரத்து நிதானம். 2013இலும் 2015இலும் உலக சாம்பியன் ஆனார்கள்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் முதல் சுற்றைக்கூடத் தாண்டவில்லை. ஜோடி பிரிந்தது. வேறு வேறு ஆட்களோடு ஆடிப் பார்த்தார்கள். 2018இல் மீண்டும் சேர்ந்தபோது ஒருவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. மற்றவர் முப்பதைத் தொட்டுவிட்டார். இளைஞர்கள் அவர்களைப் பிள்ளைகுட்டிக்காரர்கள் என்ற பொருளில் 'டாடீஸ்' என்று செல்லமாக அழைத்தார்கள்.

2019 மார்ச்சில் ஆல் இங்கிலாந்து இறுதி ஆட்டம். ஹெந்திராவின் காலில் காயம். நொண்டிக்கொண்டுதான் களத்தில் நின்றார். முதல் செட்டை மலேசிய ஜோடியிடம் 11-21 என்று இழந்தார்கள். அதன்பின் ஹெந்திரா ஓட முடியாத இடங்களுக்கெல்லாம் அஹ்சான் ஓடினார். ஹெந்திரா முன்னால் நின்று, தன் மட்டைக்கு எட்டிய பந்துகளைத் தவறவிடாமல் எடுத்தார். அடுத்த இரண்டு செட்களும் 21-14, 21-12. அதே ஆண்டு மூன்றாவது முறையாக உலக சாம்பியன் ஆனார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அதே மலேசிய ஜோடியிடம் தோற்று நான்காம் இடத்தோடு திரும்பினார்கள். 2025 ஜனவரியில் ஜகார்த்தாவில், சொந்த ரசிகர்களின் முன்னால், இருவரும் சேர்ந்தே விடைபெற்றார்கள்.

காயம்பட்டவரை உட்கார வைத்துவிட்டு அஹ்சான் தனியே ஆட முடியாது; விதி அப்படி. அவர் செய்தது, ஆட்டத்தின் வடிவத்தையே மாற்றியது. துணைவரால் முடிந்ததை அவருக்கு விட்டார்; முடியாததைத் தான் எடுத்துக்கொண்டார். ஹெந்திராவும் அதற்காக வெட்கப்படவில்லை.

பாரா ஆட்டத்தில் இதே கலையை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். இந்தோனேசியாவின் லியானி ராத்ரி ஒக்திலா 2011இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கிக் காலில் நிரந்தரப் பாதிப்பு அடைந்தவர். விபத்துக்கு முன்பே ஆட்டக்காரர். டோக்கியோ பாராலிம்பிக்கில் பெண்கள் இரட்டையரில் அவரோடு ஆடிய காலிமாத்துஸ் சாதியாவுக்குக் கையில் பாதிப்பு. ஒருவருக்குக் கால், மற்றவருக்குக் கை. இருவரும் சேர்ந்து வென்ற தங்கம், 41 ஆண்டுகளில் இந்தோனேசியாவுக்குக் கிடைத்த முதல் பாராலிம்பிக் தங்கம். ஹரி சுசாந்தோவோடு கலப்பு இரட்டையரிலும் லியானி தங்கம் வென்றார், தனிநபரில் வெள்ளி.

ஒரே வலை, ஒரே எதிராளி, இரண்டு முடிவுகள்

இத்தகைய இந்தோனேசியர்களைத்தான் நம் ஓசூர்ப் பெண் பாரிஸில் எதிர்கொண்டார்.

எஸ்.எச்.6 பெண்கள் தனிநபரும் எஸ்.எச்.6 கலப்பு இரட்டையரும் பாரிஸில்தான் முதன்முறையாகப் பாராலிம்பிக்கில் சேர்க்கப்பட்டன. டோக்கியோவில் இந்தப் பிரிவில் ஆண்கள் தனிநபர் மட்டுமே இருந்தது. அதில் தங்கம் வென்றவர் நம் நாட்டின் கிருஷ்ணா நாகர். அதாவது 2021 வரை, நித்யஸ்ரீ எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் பாராலிம்பிக்கில் அவருக்கு நுழைவாயிலே கிடையாது. கதவு திறந்தபோது உள்ளே போக அவர் ஆயத்தமாக இருந்தார்.

கலப்பு இரட்டையரில் நித்யஸ்ரீயும் சிவராஜனும் அரையிறுதி வரை வந்தார்கள். அங்கே அமெரிக்க ஜோடியிடம் முதல் செட்டை வென்றும் ஆட்டத்தை இழந்தார்கள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் வலைக்கு அப்பால் இந்தோனேசியாவின் சுப்ஹானும் ரினா மார்லினாவும். 17-21, 12-21. பதக்கம் இந்தோனேசியாவுக்குப் போனது.

தனிநபர் அரையிறுதியிலும் நித்யஸ்ரீக்குத் தோல்விதான், சீன வீராங்கனையிடம். ஆகவே அங்கும் வெண்கலத்துக்கான ஆட்டம். வலைக்கு அப்பால் மீண்டும் அதே ரினா மார்லினா. கலப்பு இரட்டையரில் பதக்கத்தைப் பறித்துக்கொண்ட அதே எதிராளி, அதே வலை. இந்த முறை 21-14, 21-6. இரண்டாம் செட்டில் எதிராளிக்கு 6 புள்ளிகளுக்கு மேல் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டு வெண்கல ஆட்டங்கள். ஒன்றில் தோல்வி, ஒன்றில் வெற்றி. செய்திகள் வெற்றியைத்தான் சொல்லும். பாடம் படிக்கிற நாம் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுப்ஹானும் ரினாவும் சேர்ந்து நின்றபோது, தனியே இருந்த ரினாவைவிட அது பெரிய பலம். அந்த ரினாவைத் தனியே வென்ற நித்யஸ்ரீ, சேர்ந்து நின்ற இருவரிடம் தோற்றார். பக்கத்தில் ஒருவர் நிற்பதால் என்ன கூடுகிறது என்று கேட்டால், இந்த இரண்டு ஆட்டங்களின் எண்களைக் காட்டலாம்.

நித்யஸ்ரீயின் பக்கத்திலும் ஆட்கள் இருந்தார்கள். ஓசூரில் முதலில் மட்டையைக் கையில் கொடுத்தவர்கள், வீட்டார், லக்னோவில் அன்றாடம் எதிரே நின்று ஆடியவர்கள், இரட்டையரில் ரச்சனாவும் சிவராஜனும். பதினோரு வயதில் தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டத்தை ஆடத் துணைக்கு யாருமே வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அப்படி நின்றுபோன பிள்ளைகள் நம் தெருக்களில் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியதில்லை.

தெரிந்துகொள்ள வேண்டிய சட்டமும் வழிகளும்

உயரக் குறைவு ஒரு மாற்றுத்திறன் வகையாகச் சட்டத்தில் இருக்கிறது என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் 21 வகைகள் உள்ளன. குள்ளத்தன்மை அவற்றில் ஒன்று. வளர்ந்தவரின் உயரம் 4 அடி 10 அங்குலம் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அந்த வகையில் வரும். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவக் குழு சான்றளித்தால், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, உயர்கல்வி இடங்களில் 5 சதவீத ஒதுக்கீடு, அரசுப் பணியில் 4 சதவீத ஒதுக்கீடு ஆகியவற்றுக்கு வழி உண்டு. அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு விளையாட்டைப் பற்றியது. மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கெடுக்க வசதி செய்து தருவது அரசின் கடமை என்கிறது அது. விளையாட்டு ஒரு சலுகையாகச் சொல்லப்படவில்லை. உரிமைகளின் வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது.

முதல் படி, தனித்துவ அடையாள அட்டை. இணைய வழியே விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழுவின் முன் பிள்ளையைக் காட்ட வேண்டும். இந்த அட்டை நாடு முழுவதும் செல்லும். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் வேலை, ஓசூரில் வீடு, ஊர் ஆந்திராவில் என்று வாழும் நம் எல்லைப்பகுதிக் குடும்பங்களுக்கு இது முக்கியம்.

இரண்டாவது, கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், மாவட்ட விளையாட்டு அலுவலகம் ஆகிய இரண்டிலும் பிள்ளையின் பெயரைச் சொல்லி வைப்பது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. போட்டிச் செலவுக்குத் தடுமாறும் வீரர்களுக்காகத் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையை அரசு 2023இல் தொடங்கியது. கேட்டால்தான் கிடைக்கும், கேட்க, யாராவது கூட வர வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களும், ஷிப்டை விட்டு வர முடியாதவர்களும் எங்கள் அலுவலகத்தில் சொல்லுங்கள். எங்கள் தொண்டர் ஒருவர் உங்களோடு கிருஷ்ணகிரிக்கு வருவார்.

பெற்றோருக்கு ஒரு சொல். விருந்தினர் வந்தால் பிள்ளையை உள்ளறைக்கு அனுப்பும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அன்பால்தான் செய்கிறோம், யாரும் கேலி செய்துவிடக் கூடாதே என்ற அச்சம். ஆனால் உள்ளறையில் அந்தப் பிள்ளைக்கு எதிரே நின்று ஆட யாரும் இல்லை.

நாங்கள் அந்த வீட்டுக்குப் போனோம்

இந்தப் பாடத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் அந்தச் சகோதரரின் நினைவு வந்து உறுத்தியது. பழைய பதிவேட்டில் அவர் முகவரியைத் தேடி, சென்ற மாதம் இருவர் போனோம். அவர் இரண்டாம் ஷிப்டில் இருந்தார். மனைவியும் மகளும் இருந்தார்கள். நாங்கள் கொடுத்த படிவம் அலமாரியில் அப்படியே மடித்து வைக்கப்பட்டிருந்தது.

வீட்டுக்கு வெளியே சுவரில் கரிக்கோடு ஒன்று இருந்தது. அந்தப் பிள்ளை அதை வலையாக வைத்துச் சுவரோடு ஆடிக்கொண்டிருக்கிறாள். ரப்பர் பந்தாக இருந்தால் சுவர் திருப்பித் தரும். இறகுப்பந்தைச் சுவர் சரியாகத் திருப்பித் தராது. பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே விழும். ஒவ்வோர் அடிக்கும் ஓடிப்போய் எடுத்து வந்து மறுபடி அடிக்க வேண்டும். ஓராண்டாக அப்படித்தான் ஆடியிருக்கிறாள். "யோசித்துச் சொல்கிறோம்" என்ற எங்கள் வார்த்தையின் விலை அது.

அவள் தாயிடம் மன்னிப்புக் கேட்டோம். ஹாலுக்குப் பின்னால் களம் போடப் போகிறோம் என்றும், தெருப்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னோம். உனக்கு ஏற்றபடி வலையைத் தாழ்த்திக் கட்டுகிறோம் என்றும் பிள்ளையிடம் சொன்னோம். அதைச் சொன்னபோது எங்களுக்குள் ஒரு பெருமிதம்கூட இருந்தது.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். "வேணாம். நித்யா அக்கா ஆடுற உயரத்துலயே கட்டுங்க" என்றாள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் முதல் ஞாயிறு அஸருக்குப் பின் ஆட்டம் தொடங்கும். வலையின் நடுப்பகுதி சரியாக 5 அடி இருக்கும். செவ்வாயும் வெள்ளியும் பெண் பிள்ளைகளுக்கு. அவர்களுக்குப் பொறுப்பாகச் சகோதரிகள் இருவர் இருப்பார்கள். மட்டையும் பந்தும் நாங்கள் தருகிறோம். எந்தச் சமூகத்துப் பிள்ளையும் வரலாம். உங்கள் பிள்ளைக்குக் குறை ஏதும் இல்லையென்றாலும் அனுப்பி வையுங்கள். எதிரே நிற்கவும் பக்கத்தில் நிற்கவும் ஆட்கள் தேவை.

எங்கள் உதவிப் படிவத்தையும் மாற்றிவிட்டோம். இதுவரை முதல் கேள்வி "எவ்வளவு தொகை தேவை?" என்று இருந்தது. இனி முதல் கேள்வி: "பிள்ளை என்ன செய்ய விரும்புகிறது? அதற்கு யார் கூட வர வேண்டும்?" தொகைக்கான கேள்வி அதற்கு அடுத்தது.

படிப்பு வட்டத்தில் பேச

1. உங்கள் தெருவில் வீட்டை விட்டு வெளியே வராத பிள்ளை யாராவது உண்டா? கடைசியாக அந்த வீட்டுக்கு எப்போது போனீர்கள்?

2. ஹெந்திராவால் ஓட முடியாதபோது அஹ்சான் அவருக்கு எந்த வேலையை விட்டுவைத்தார்? உங்கள் வீட்டில் முதியவருக்கோ மாற்றுத்திறனாளிக்கோ நீங்கள் எந்த வேலையை விட்டுவைத்திருக்கிறீர்கள்?

3. "அவர் பார்த்துக்கொள்வார்" என்று எல்லோரும் நினைத்ததால் நம் மஹல்லாவில் நடுவில் விழுந்த பந்துகள் எவை? ஒன்றையாவது பெயர் சொல்லிக் குறித்து, யார் எடுப்பது என்று இன்றே முடிவு செய்யுங்கள்.

4. உதவி கேட்டு வந்தவர் பேசி முடிக்கும் முன் நீங்கள் எப்போதாவது இழுப்பறையைத் திறந்திருக்கிறீர்களா?

நான்காவது கேள்விக்கு எங்கள் பதிலை முதலிலேயே எழுதிவிட்டோம். மற்ற மூன்றுக்கும் உங்கள் பதில்களை எதிர்பார்க்கிறோம்.